சாவகாசத்தின் கடைசிப் பக்கம்

சாந்தோம், மயிலாப்பூர்
9.6.1968

மதிப்பிற்குரிய ஓவியர் முருகையன் அவர்களுக்கு,

வணக்கம். 'கிலுகிலுப்பை' ஆசிரியர் திரு. அனந்தராமன் உங்கள் விலாசத்தைக் கொடுத்தார். அவருடைய குழந்தைகள் வார இதழில் வரப்போகும் படக்கதைக்கு நான் எழுத, நீங்கள் வரைய வேண்டும் என்பது அவர் ஏற்பாடு.

நான் முப்பத்திரண்டு வருஷம் ஒன்றாம் வகுப்புக்கு மட்டுமே பாடம் சொன்னவள். ஏப்ரலில் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். போன திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறந்த நேரத்துக்குப் புடவை கட்டிக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டேன். அப்புறம்தான் எனக்குப் போக இடமில்லை என்பது நினைவு வந்தது. உள்ளே திரும்பி வந்து எழுதியதுதான் இந்தக் கதை.

ஒரு நத்தை தபால்காரர். பெயர் சாவகாசம். அவர் கொண்டுபோகும் எந்தக் கடிதமும் நேரத்துக்குப் போய்ச் சேராது. ஆனால் தாமதமானதால்தான் நல்லது நடக்கும். ஓர் உதாரணம் சொல்கிறேன். எறும்புகளுக்குக் கல்யாணப் பத்திரிகை தாமதமாகப் போகிறது. அவை வருவதற்குள் மழையில் பந்தல் சரிந்து, பாயசம் குளமாகத் தேங்கி நிற்கிறது. நேரத்துக்கு வந்திருந்தால் மூழ்கியிருக்கும். இப்போது கரையில் நின்று குடிக்கின்றன.

வாரம் ஒரு பக்கம். அந்தப் பக்கத்திலேயே கதை முடிந்துவிட வேண்டும், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒரு வாரம் காத்திருக்காது. கோடுகள் உருண்டையாக இருக்கட்டும், கறுப்பு குறைவாக. சினிமா பேனரில் கத்தி பிடித்த கைகளை வரைகிறவருக்கு நத்தை சம்மதம்தானா?

தங்கள்
கிளாடிஸ் அகஸ்டின்

*

கோடம்பாக்கம்
17.6.1968

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு முருகையன் வணக்கம் சொல்லி எழுதுவது.

நாற்பதடி உயர முகம் வரைகிறவன் இரண்டங்குல நத்தை வரைய உட்கார்ந்தால், கை தன்னாலே அதற்கு மீசை வைக்கிறது. மூன்று முறை அழித்தேன். எங்கள் பட்டறையில் சின்னப்பையன் என்று ஒருவர் இருக்கிறார். பெயர்தான் அப்படி, வயது அறுபது. "இன்னா முருகா, புலி வரஞ்ச கை இப்ப நத்தையில வந்து நிக்குது. சம்பளமும் ஊர்ந்துகினுதான் வருமா?" என்கிறார். பட்டறையே சிரித்தது.

ஆனால் எறும்புகள் பாயசம் குடிக்கும் படத்தைப் போட்டுவிட்டு நிமிர்ந்தால், அதே சின்னப்பையன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். "அந்தக் கடைசி எறும்புக்கு ஒரு டம்ளர் குடுடா" என்றார். கொடுத்திருக்கிறேன். சரியா என்று பார்த்துச் சொல்லவும்.

முருகையன்

*

கோடம்பாக்கம்
14.2.1971

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

நலம். உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? எங்கள் சீதாவுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது. படியில் ஏறி இறங்குவதே அவளுக்கு வேலை.

ஒன்று கேட்க வேண்டும். டிசம்பரிலிருந்து கதையின் அடியில் 'தொடரும்' என்று எழுதுகிறீர்கள். நண்டுத் தளபதி என்று ஒருவன் வந்திருக்கிறான். சாவகாசத்தின் பையைப் பிடுங்குகிறான், கடிதங்களைக் கிழிக்கிறான். போன வாரம் தாமதமாக வந்த கடிதத்தால் தவளையின் வீடு ஏலம் போய்விட்டது. நல்லது நடக்கும் நடக்கும் என்று கடைசிக் கட்டம்வரை பார்த்தேன். நடக்கவில்லை. தவளை மழையில் நிற்கிறது, அவ்வளவுதான்.

முன்பெல்லாம் ஒரு புட்டி கறுப்பு மை எனக்கு ஒரு வருஷம் வரும். இப்போது இரண்டு மாதத்தில் தீர்ந்துவிட்டது. நான் குறை சொல்லவில்லை. என்ன ஆயிற்று என்று மட்டும் கேட்கிறேன்.

முருகையன்

*

சாந்தோம்
20.2.1971

அன்புள்ள தம்பி முருகையனுக்கு,

உங்கள் கேள்வி நியாயமானது. 1968 ஜூனில் நம் கதையைப் படிக்கத் தொடங்கிய பிள்ளை ஒன்றாம் வகுப்பு. இப்போது மூன்று. வருகிற ஜூனில் நான்கு. அந்தப் பிள்ளையை எறும்புப் பாயசத்திலேயே உட்காரவைத்தால், அது பெயிலாக்கி அதே வகுப்பில் போட்ட மாதிரி. ஒவ்வொரு ஜூனிலும் நான் அவர்களை மேல் வகுப்புக்கு அனுப்புகிறேன். என்னை யாரும் ஒன்றாம் வகுப்பைத் தாண்டிப் போகவிட்டதில்லை. இப்போதுதான் பிள்ளைகளோடு நானும் போகிறேன்.

ஆகவே பயப்படாமல் வரையுங்கள். மைக்கு ஆசிரியரிடம் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்
கிளாடிஸ்

*

கோடம்பாக்கம்
3.9.1973

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

எட்டு மாதமாக சாவகாசம் சிறையில் இருக்கிறது. கம்பி, சுவர், கம்பி, சுவர். அனந்தராமன் சாரிடம் சொன்னேன். "பெரிய வகுப்புப் பசங்க லெட்டர் கொட்டுது முருகையன், கேக்காம வரைங்க" என்கிறார்.

வரைகிறேன். ஆனால் புதிதாக ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளும் இதைத்தானே வாங்குகிறார்கள்? நீங்கள் ஒரு வகுப்பைக் கூட்டிக்கொண்டு மேலே போய்விட்டீர்கள். அந்த வகுப்பறையில் இப்போது வந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு டீச்சர் யார்?

சீதா மடியில் உட்கார்ந்து பார்க்கிறாள். "இது எப்ப நைனா சிரிக்கும்?" என்கிறாள். சாமான் வாங்கப் போவது போல எழுந்து போய்விட்டேன்.

முருகையன்

*

கோடம்பாக்கம்
11.1.1975

டீச்சரம்மாவுக்கு,

நீங்கள் அனுப்பிய கடைசி அத்தியாயம் கிடைத்தது. ஓடு உடைந்த சாவகாசம் கடிதத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாமல் வழியிலேயே செத்துப்போகிறது. அதை நான் வரைய மாட்டேன்.

காரணம் சொல்ல வேண்டும். உங்களிடம் இதுவரை சொல்லவில்லை. சீதாவுக்கு இடுப்பு எலும்பில் காசம். அக்டோபரிலிருந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். இடுப்பிலிருந்து கணுக்கால்வரை மாவுக்கட்டு. அந்த வார்டில் பன்னிரண்டு பிள்ளைகள், எல்லாருக்கும் கட்டு. அசைய முடியாமல் கிடப்பதால் தங்களை நத்தைகள் என்று அவர்களே சொல்லிக்கொள்கிறார்கள். கட்டுதான் ஓடு. வெள்ளிக்கிழமை 'கிலுகிலுப்பை' வந்ததும் நான் கொண்டுபோய்ப் படித்துக் காட்டுவேன்.

நீங்கள் எழுதியதைப் படிப்பதில்லை. மன்னிக்கவும். படத்தைக் காட்டிவிட்டு வேறு வார்த்தை சொல்வேன். சிறையை 'மழைக்கு ஒதுங்கின இடம்' என்றேன். நண்டு கையை ஓங்கினால் 'தலை சொறியுது' என்றேன். சிரிப்பார்கள். ஆனால் போன வாரம் ஓடு விரிசல் விட்ட படத்துக்கு எனக்கு வார்த்தை வரவில்லை. சீதா கட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டு, "எனக்கும் ஒடைஞ்சிடுமா நைனா?" என்றாள்.

பன்னிரண்டு பேரும் என் வாயையே பார்த்தார்கள்.

அது பிழைக்கட்டும் என்று எழுதி அனுப்புங்கள். கேட்டுக்கொள்கிறேன்.

முருகையன்

*

சாந்தோம்
16.1.1975

அன்புள்ள தம்பிக்கு,

குழந்தை இப்படிக் கிடக்கிறாள் என்று தெரியாமல் மாதக்கணக்கில் உங்களுக்குச் சிறைகளை எழுதி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். தினமும் அவளுக்காக ஜெபிக்கிறேன்.

ஆனால் சாவகாசம் சாகத்தான் வேண்டும். ஏன் என்று 1971-லேயே சொல்லியிருக்க வேண்டும். வகுப்பு உயர்த்தும் கதையைச் சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

1970 நவம்பரில் தியாகராய நகரிலிருந்து பேச்சியம்மாள் என்ற எட்டு வயதுப் பெண் எனக்கு எழுதிய கடிதத்தை அப்படியே எழுதுகிறேன்:

'டீச்சர், எங்க அப்பாவுக்கு நெஞ்சு வலித்தது. அம்மா சீட்டு எழுதி ஜவுளிக்கடையில் இருக்கும் மாமாவிடம் கொடுக்கச் சொன்னார்கள். நான் சாவகாசம் மாதிரி மெதுவாகப் போனேன். மெதுவாகப் போனால் நல்லது நடக்கும் என்று. பாண்டி பஜாரில் பொம்மைக் கடையில் நின்று பார்த்தேன். மாமா கார் எடுத்து வருவதற்குள் அப்பா இறந்துவிட்டார்கள். இது எந்த வாரம் நல்லதாக ஆகும் என்று எழுதவும்.'

தம்பி, நான் பாடம் சொன்ன முப்பத்திரண்டு வருஷத்தில் இவ்வளவு நன்றாக என் பாடத்தைக் கேட்ட பிள்ளை யாருமில்லை.

அதனால்தான் தவளையின் வீடு போயிற்று. அதனால்தான் சிறை. தாமதம் வேடிக்கை இல்லை என்று படிப்படியாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசிப் பாடம் மட்டும் பாக்கி. அதைச் சொல்லாமல் விட்டால் இன்னொரு பிள்ளை பொம்மைக் கடையில் நிற்கும்.

வரைந்து கொடுங்கள்.

கிளாடிஸ்

*

கோடம்பாக்கம்
18.1.1975

டீச்சரம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பட்டறையில் வைத்துப் படித்தேன். அதன்பிறகு பேனர் வரையும் சாரத்தில் ஏறவில்லை.

ஒரே ஒரு கேள்வி. அந்தப் பிள்ளைக்குப் பதில் எழுதினீர்களா?

எந்தப் பிள்ளை எழுதினாலும் டீச்சர் தன் கையாலேயே பதில் போடுவார் என்று அனந்தராமன் சார் ஊரெல்லாம் சொல்கிறார். இவளுக்குப் போட்டிருந்தால் என்ன எழுதினீர்கள் என்பதையும் எனக்குச் சொல்லியிருப்பீர்கள். நீங்கள் சொல்லவில்லை. கேட்ட ஒருத்திக்குப் பதில் சொல்லாமல், கேட்காத பிள்ளைகளுக்கெல்லாம் நாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். அதில் பன்னிரண்டு பேர் எழுந்து ஓடக்கூட முடியாதவர்கள்.

கோபத்தில் எழுதுகிறேன். கிழித்துப்போட்டுவிட்டு மறுபடி எழுதினாலும் இதேதான் வருகிறது.

நான் வரையவில்லை என்றால் வெள்ளைத்துரையிடம் கொடுத்துவிடுவதாக ஆசிரியர் சொல்லிவிட்டார். நல்ல ஓவியர். கொடுக்கட்டும்.

முருகையன்

*

சாந்தோம்
29.1.1975

அன்புள்ள தம்பிக்கு,

பதில் எழுதவில்லை. மூன்று முறை தாளை எடுத்து 'அன்புள்ள பேச்சியம்மாளுக்கு' என்று எழுதி வைத்தேன். அதற்கு மேல் ஒரு சொல் ஓடவில்லை.

நேற்று பஸ் ஏறி தியாகராய நகர் போனேன். கவரில் இருந்த விலாசத்திலேயே இருக்கிறார்கள். அவளுக்குப் பன்னிரண்டு வயது, இரட்டைப் பின்னல், என் தோள் உயரம். நான் யார் என்று சொன்னதும் உள்ளே போய் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டாள். அவள் உட்காரவில்லை.

"மூணு மாசம் தபால்காரர் வர்ற நேரத்துக்கு வாசல்ல நின்னேன் டீச்சர். அப்புறம் நிக்கல. அந்தப் புஸ்தகத்தை லெட்டர் போட்ட வாரமே வாங்க வேண்டாம்னு மாமாகிட்ட சொல்லிட்டேன்" என்றாள்.

தவளை, சிறை, நண்டு, எதையும் அவள் பார்க்கவில்லை, தம்பி. ஒரு கட்டத்தைக்கூட.

"அது எந்த வாரமும் நல்லதா ஆகாதும்மா. ஆனா குத்தம் உன்னுது இல்ல. நான் எழுதினதை நீ நம்பினே" என்றேன்.

"தெரியும் டீச்சர். எனக்கு இப்பப் பன்னெண்டு வயசாகுதுல்ல? எட்டு வயசுலதான் தெரியல."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அம்மா காப்பி கொடுத்து அனுப்பினார்கள். குடித்தேனா என்று நினைவில்லை.

அங்கிருந்து நேரே அச்சகம் போனேன். நிறுத்துங்கள், கதையை மாற்றித் தருகிறேன் என்று அனந்தராமனிடம் கெஞ்சினேன். "போன வாரமே அட்டையில விளம்பரம் பண்ணியாச்சு டீச்சர். பாருங்க, ஓடிண்டிருக்கு" என்றார். வெள்ளைத்துரையின் பக்கம் மெஷினிலிருந்து ஒவ்வொன்றாக வந்து விழுந்துகொண்டிருந்தது. நான் கேட்டு வாங்கியதுதான் அது. வார்த்தைகள் என்னுடையவை, ஒன்றுகூட மாறாமல்.

பிப்ரவரி ஏழாம் தேதி வெள்ளிக்கிழமை வெளிவரும். வார்டுக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று எழுத நினைத்தேன். உங்கள் பிள்ளைகளிடம் எதைச் சொல்லலாம், எதை மறைக்கலாம் என்று சொல்லும் தகுதி எனக்கு இப்போது இல்லை. உங்கள் பதிலை எதிர்பார்க்கவும் எனக்கு உரிமையில்லை.

கிளாடிஸ்

*

கோடம்பாக்கம்
8.2.1975

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

நேற்று நான் புத்தகம் வாங்காமல்தான் போனேன். அதற்குள் ஒரு நர்ஸம்மா வாங்கிக் கொடுத்துவிட்டார். படுக்கை படுக்கையாகக் கைமாறி சீதாவிடம் வந்திருந்தது. கதவருகே நின்றுவிட்டேன்.

அவள் பக்கத்தை முகத்துக்கு மேலே பிடித்து ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு, "இது எங்க நைனா வரஞ்சது இல்ல. கோடு பாரு, குச்சி மாதிரி கீது. இது சாவகாசமே இல்ல, வேற யாரோ" என்றாள். சத்தமாகச் சொன்னாள். உடனே அடுத்த படுக்கை, அதற்கடுத்த படுக்கை என்று எல்லாரும் பார்த்தார்கள். வேற யாரோதான் என்று தீர்மானமாகிவிட்டது. "பாவம், யாரோ" என்றார்கள். நம்ம சாவகாசம் இப்போது எங்கே கீது என்று என்னிடம் கேட்டார்கள்.

நானும் தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன்.

மூலையில் அஸ்மத்துன்னிசா என்று ஒரு பெண். பத்து வயது, முதுகெலும்பில் கட்டு, அந்த வார்டிலேயே மூத்தவள். எழுத்துக்கூட்டாமல் படிக்கிறவள் அவள் ஒருத்திதான். இத்தனை நாள் நான் மாற்றிச் சொன்னதையெல்லாம் அவள் தெரிந்துகொண்டே கேட்டிருக்கிறாள் என்பது நேற்றுதான் எனக்குத் தெரிந்தது. நான் கிளம்பும்போது கூப்பிட்டாள்.

"அதே நத்தைதான் மாமா. சின்னவங்ககிட்ட சொல்லல நானு. ஓடு ஒடைஞ்சா செத்துருவாங்களா?"

டாக்டர் அப்படிச் சொல்லவில்லை என்றேன். "நீங்க எப்பவும் மாத்தித்தான் சொல்வீங்க" என்றாள்.

உண்மைதானே. அவளிடம் இனி நான் எதைச் சொன்னாலும் நிற்காது. நீங்கள் எழுதியது எழுதியபடி அவள் படித்திருக்கிறாள், ஆகவே உங்களைத்தான் நம்புவாள்.

கடிதம் எழுதி அனுப்பிவிடாதீர்கள். வாருங்கள். நாளை ஞாயிறு பூசை முடித்துச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் சரியாக இருக்கும். பார்வை நேரம் நாலிலிருந்து ஆறு. இந்தக் கடிதத்தைச் சின்னப்பையன் சைக்கிளில் உங்கள் கையிலேயே கொண்டுவந்து கொடுப்பார். வருகிறீர்களா இல்லையா என்று அவரிடமே சொல்லி அனுப்புங்கள்.

நான் ஆஸ்பத்திரியின் பெரிய கேட்டில் நிற்கிறேன்.

முருகையன்