மின்விசிறிக்கு முளைத்த கால்கள்

அன்பு மகளுக்கு,

நீ வேளைக்குச் சாப்பிட்டு, உடம்பைக் கவனித்துக்கொண்டு இருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே அப்பாவின் ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது, வலது கையில்தான் இன்னும் பிடிமானம் இல்லை. இதை ஃபோனில் சொல்லாமல் எழுதக் காரணம், நம் வீட்டில் எந்த அறையில் நின்று பேசினாலும் அவர் காதில் விழும். அப்பாவுக்கு உன்மேல் கோபமா, ஏன் ஃபோனுக்கு வருவதில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்கிறாய். கோபம் இல்லையம்மா, வெட்கம். பக்கவாதத்துக்குப் பிறகு அவர் நினைப்பது ஒன்று, வாயில் வருவது இன்னொன்று என்பது உனக்குத் தெரியும். கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீலின் இலக்கணத்தையே திருத்திய மனுஷர், மகளிடம் உளறுவதைவிடப் பேசாமல் இருப்பதே மேல் என்று இருந்துவிட்டார். என்னிடமும் தலையாட்டுவதோடு சரி. படத்தைத் தொட்டால் அதுவே பேசும் என்று நீ அனுப்பிய செயலி நல்ல செயலிதான். அவர் அந்த ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டார். வீம்பு என்றுதான் நானும் நினைத்தேன்.

போன வாரம் உன் அத்தை வந்தவள், "அண்ணன் எத்தனை நாளைக்கு இப்படிச் சுவத்தையே பாத்துக்கிட்டு இருப்பாரு, கிளம்புங்க அண்ணி" என்று நூலக மாடியில் நடந்த ஒரு நிகழ்ச்சிக்கு எங்களை இழுத்துக்கொண்டு போனாள். இந்த மாதிரிக் கலையில் எனக்கு எவ்வளவு நம்பிக்கை என்று உனக்கே தெரியும். என் வயதுப் பெண் ஒருத்தி, பழைய அட்டை, நூல், துணிக் கிளிப் இவற்றால் தானே செய்த ஆளுயரப் பறவையை முதுகில் கட்டிக்கொண்டு ஒற்றை ஆளாக ஆடினாள். பாதியில் ஒரு சிறகு பிய்ந்து விழுந்தது. எனக்குத்தான் சங்கடம், தலையைக் குனிந்துகொண்டேன். அவள் மறைக்கவில்லை. தரையில் உட்கார்ந்து, டேப்பைப் பல்லால் கடித்து, எல்லார் முன்னாலும் நிதானமாக ஒட்டினாள். கோணலாகத்தான் ஒட்டியது, பறவை ஒரு பக்கம் சாய்ந்தபடியே பறந்தது. அப்பா நாற்காலி நுனிக்கு வந்திருந்தார். முடிந்ததும் அவளிடம், ஒரு பட்டறையில் கொடுத்து உறுதியாகச் செய்துகொள்ளக் கூடாதா என்று கேட்டேன். "அப்படிச் செஞ்சா பாக்கறவங்களுக்கு அதுல வேலையே இல்லாமப் போயிடுதுங்க" என்றாள். மேடைக்காரர்களின் அழகான பேச்சு என்று விட்டுவிட்டேன், ஆனால் வீட்டுக்கு வந்தும் அது என்னை விடவில்லை.

மறுநாள் மிக்ஸி வந்த பெட்டியை வெட்டி, அப்பா தொட்டுக் காட்டுவதற்காக டீ, தலைவலி, மின்விசிறி என்று நானே படம் வரைந்து அட்டைகள் செய்தேன். உன் ரெக்கார்டு நோட்டில் நான் வரைந்த இதயத்தை உன் டீச்சர் கத்திரிக்காயா என்று கேட்டது நினைவிருக்கும். என் கை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அப்பா மின்விசிறி அட்டையை எடுத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "பூச்சி" என்றார். வார்த்தை மாறி வந்துவிட்டதா, கிண்டலா என்று எனக்குப் புரியவில்லை. ஃபேன் என்றேன். அவர் இடது கையால் பென்சிலை வாங்கி, அதற்குக் கால்கள் வரைந்து என்னிடம் நீட்டினார். நான் சமையலறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். அன்றிலிருந்து ஒவ்வோர் அட்டையிலும் குற்றம் கண்டுபிடிக்கிறார், குற்றம் சொல்ல வாயைத் திறக்க வேண்டியிருக்கிறது. பாதி வார்த்தை தப்பு. பேச்சுப் பயிற்சி தருபவர், அதிகம் எதிர்பார்க்காதீர்கள் என்கிறார். நான் எதிர்பார்க்கவில்லை, நீயும் எதிர்பார்க்காதே. ஆனால் நேற்று உன் ஃபோட்டோவையும் ஃபோனையும் மாறி மாறிக் காட்டினார். ஞாயிற்றுக்கிழமை உன்னோடு பேசுவார்.

அவர் தேடும்போது வார்த்தையை எடுத்துக் கொடுக்காதே, தப்பாகச் சொன்னால் திருத்தாதே, அழுகை வந்தால் ஃபோனைத் தள்ளிப் பிடித்துக்கொள். குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. நீ நல்லபடியாக இருக்க வேண்டும், எங்கள் இருவரின் ஆசியும் உனக்கு உண்டு. முக்கியமானதை மறந்துவிட்டேன். உன் பெயர் அவருக்கு வருவதில்லை, எவ்வளவு முயன்றாலும் "குடை" என்றுதான் வருகிறது. அப்படிக் கூப்பிட்டால், "சொல்லுங்கப்பா" என்று சொல்.

இப்படிக்கு,
அம்மா