புளி போட்டுக் கழுவிய சீஸ்

ஜார்ஜ் டவுன்,
நவம்பர் 23

அன்பு மகள் லீனாவுக்கு,

ஆண்டவர் அருளால் நானும் உன் பெரியம்மா மோனிக்காவும் சுகம். சுகம் என்றால் அவளுடைய முட்டி சுகமில்லை, என் சர்க்கரை சுகமில்லை, மற்றபடி இருவரும் சுகம். உன் சுகத்தை நான் கேட்டு எழுத வேண்டியதில்லை, உன்னோடு படித்த சிந்தியாவின் போனில் பார்த்தாகிவிட்டது. போனில் பேசினால் பாதியிலேயே ஓகே பெரியப்பா என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் தாளில் எழுதுகிறேன், தாள் பேசுவதை நீ குறுக்கே நிறுத்த முடியாது. இந்தக் கடிதம் முடிவதற்குள் உலகத்தில் ஒருவரும் நம்பாத ஒரு கதை சொல்லப் போகிறேன். இந்த அறுபத்தெட்டு வருடத்தில் பினாங்குத் தீவில் நான் அவிழ்த்துவிட்ட அத்தனை பொய்கள் மீதும் ஆணை, சொல்வேன்.

முதலில் டப்ளினிலிருந்து நீ அனுப்பிய பார்சல். போன புதன்கிழமை தபால்கார ஹைக்கல் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு, அங்கிள், உள்ளே ஏதோ செத்துப் போச்சு போல, சைன் மட்டும் போடுங்க, நான் தொடமாட்டேன்லா என்றான். பெட்டியைத் திறந்த கணத்தில் நம் தெருப் பூனைகள் முப்பத்தெட்டும் வரிசையாக நடந்து போய் ஃபெர்ரி ஏறி அக்கரைக்கு, பட்டர்வொர்த்துக்குக் குடிபெயர்ந்தன, டிக்கெட் கேட்க வேண்டியவனும் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றதால் அவற்றுக்கு இலவசப் பயணம். உள்ளே அரைக் கிலோ சீஸ், உடம்பெல்லாம் நீலப் பூசணம், கூடவே உன் அட்டை, நான் வர முடியல, எனக்குப் பதிலா இது வருது, கிறிஸ்துமஸ் மக்கரோனியில போட்டுக்குங்க என்று. வழியில் கெட்டுப்போயிருக்கிறது, வீசிவிடு என்றேன். புள்ள காசு போட்டு அனுப்புனது, அத வீசச் சொல்றீங்களே, மனுசனா நீங்க என்று பெரியம்மா என்மேல் பாய்ந்தாள். பிறகு சுறாமீன் கழுவுவது போலப் புளியும் கல்லுப்பும் போட்டு மூன்று தண்ணீர் கழுவினாள், சின்னக் கத்தியால் நீலத்தை எல்லாம் பொறுமையாக நோண்டி எடுத்துக் குப்பையில் போட்டாள், மிச்சத்தைத் துருவி நம் வழக்கமான டின் சீஸோடு கலந்து, வெங்காயமும் பச்சை மிளகாயும் வதக்கிப் போட்டு, கிறிஸ்துமஸ் வரை தாங்காது என்று அன்றைக்கே மக்கரோனியை ஓவனில் வைத்துவிட்டாள். உன் அப்பன், என் தம்பி, போய்ச் சேர்ந்த வாரம் ஆறு வயதுப் பிள்ளையாக எங்கள் வீட்டுக்கு வந்து சோற்றைத் தொடாமல் கிடந்தாயே, அன்றைக்கு உன் வாயைத் திறக்க வைத்த அதே மக்கரோனிதான். இந்த முறையும் கருகின ஓரத்தை வெட்டி உனக்கென்று தனித் தட்டில் வைத்தாள், நான் கை நீட்டினேன், அடித்தாள். நன்றாகத்தான் இருந்தது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை, நீ இல்லாமல் அது நன்றாக இருக்கலாமா? மறுநாள் சிந்தியா வந்து, ஐயோ ஆண்ட்டி, அந்த நீலத்துக்குத்தானே அவ்வளவு வெல என்று சிரித்தாள். பெரியம்மா சிரிக்கவில்லை, கழுவின தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இனி நம் வீட்டுச் சேமிப்பு. போன கிறிஸ்துமஸுக்கு வரச் சொன்னபோது டிக்கெட்டு வெல பேய் வெல பெரியப்பா என்றாய். அந்தப் பேயை அடைக்கிறேன் பார் என்று மறுநாளே காலி சீஸ் டின் ஒன்றைக் கழுவிக் காயவைத்து உண்டியலாக்கினேன். சீனி முகம்மது கடை நாசி கண்டார் கறிச்சோற்றை விட்டேன், அந்தத் துக்கத்தில் அவர் மீன்தலைக் கறிக்கு உப்புப் போடுவதையே நிறுத்திவிட்டார், கண்ணீரே போதுமாம். சனி ஞாயிறு அக்கரையில் ஜுருவில் கார் விற்கும் இடத்தில் காவலுக்குப் போனேன், அங்கே ஆயிரம் திருடர்களை ஒரே குடையால் விரட்டினேன். சரி, வந்தது ஒரு நாய், அதுவும் என்னைத்தான் விரட்டியது. பெரியம்மா முட்டிக்குப் போட வேண்டிய ஊசியை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைத்தாள். எதற்காகச் சேர்க்கிறோம் என்று உனக்குச் சொல்லவில்லை, விடுமுறைக்கு என்றேன். நீயோ நாங்கள் இருவரும் லங்காவித் தீவுக்குச் சுற்றுலா போகப் போவதாக நினைத்துக்கொண்டு, ஜாலியா இருந்துட்டு வாங்க பெரியப்பா என்றாய்.

அக்டோபரில் உன் செய்தி வந்தது, இந்த வருஷமும் முடியாது, வீடு வாங்கக் காசு சேக்கணும் என்று. சந்தோஷம், சேமிப்பது நல்ல குணம், எங்களிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். மூன்று வாரம் கழித்து சிந்தியா போனைக் காட்டினாள். பனிமலை, நடுவில் ஒரு சட்டி, சட்டி நிறைய உருக்கின சீஸ், நீயும் நாலு சிநேகிதர்களும் நீளக் கம்பியில் ரொட்டியைக் குத்தி முக்கிக்கொண்டிருக்கிறீர்கள். அந்தச் சட்டி என்ன விலை என்று கேட்டேன், அவள் சொன்னபோது பெரியம்மாவுக்குக் கேட்கக்கூடாதென்று சத்தமாக இருமினேன். கேட்டுவிட்டது. புள்ள மெலிஞ்சிட்டா என்று மட்டும் சொன்னாள். அவளுக்கு உன்மேல் கோபமே வராது, அவள் பங்கையும் சேர்த்து நான்தான் பட வேண்டியிருக்கிறது.

இப்போது வாக்குக் கொடுத்த கதை. டிசம்பர் இருபதாம் தேதி காலை டப்ளினிலிருந்து ஒரு விமானம் கிளம்பும். அதில் ஜன்னலோரம் 31A என்று ஓர் இருக்கை, அது மட்டும் காலி. பதினாறு பணிப்பெண்களும் அதைச் சுற்றி நின்று ஒப்பாரி வைப்பார்கள், விமானி தொப்பியைக் கழற்றி வீசி, அந்த மகராசி வந்தால்தான் வண்டியை எடுப்பேன் என்று சபதம் போடுவார். கடைசியில் காலி இருக்கைக்குப் பட்டை கட்டி, அதன் முன்னால் மக்கரோனி வைத்து, பாவம், பசிக்கலையாம் என்று திரும்ப எடுத்துப் போவார்கள். பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் முப்பத்தெட்டுப் பூனைகளும் மாலையோடு காத்திருக்கும், பெரியம்மா முட்டியை மறந்து ஓடி வருவாள், எல்லோரும் இறங்கி முடிந்த பிறகு அந்த இருக்கை மட்டும் தானாகவே உருண்டு வந்து அவள் காலடியில் நிற்கும். நீ நம்பமாட்டாய், தெரியும்.

ஆண்டவர் உன்னை நோய் நொடியில்லாமல் வைத்திருக்கட்டும், உன் பெயரில் வீடு அமையட்டும், பெரியம்மாவின் முத்தமும் என் ஆசீரும் உனக்கு. குளிரில் காலுறை போடு, சீஸ் தின்றால் மேலே சுடுதண்ணீர் குடி.

கடைசியாக ஒன்று நினைவில் வைத்துக்கொள். பூனைகள் பொய், ஒப்பாரி பொய், அந்தக் கதையில் ஒரு சின்னத் துண்டு மட்டும் உண்மை. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் விமான டிக்கெட் போடும் சிக்கந்தர், இப்பவே போட்டுடுங்கண்ணே, வருசக் கடைசியில வெல ஏறிடும் என்று செப்டம்பரிலேயே சொன்னார், நீ முதல் தடவை போனபோது கொடுத்த பாஸ்போர்ட் நகல் அவரிடம் இருந்தது, டின்னை அங்கேயே கவிழ்த்து உன் பெயரில் டிக்கெட் போட்டுவிட்டேன். பணம் திரும்ப வராது, தேதி மாறாது, வேறு பெயருக்கும் போகாது. சின்ன வயதில் ஜுரு பஸ்ஸில் ஜன்னலோரம் கேட்டு நீ அழுததை நினைத்து, ஜன்னலோரம்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். உன்னோடு சேர்த்து அவளுக்கும் திடீரென்று காட்டலாம் என்று பெரியம்மாவிடம் சொல்லாமல் இருந்துவிட்டேன். இப்போது, அவதான் வரலன்னுட்டாளே, அந்தக் காசுல ஊசி போட்டுக்கலாமா என்று தினமும் கேட்கிறாள். காலி டின்னை அலமாரி உச்சியில் வைத்திருக்கிறேன், அந்த முட்டியோடு அவளால் ஏறிப் பார்க்க முடியாத உயரத்தில். 31A உண்மை.

இப்படிக்கு,
உன் பெரியப்பா
வில்லியம்