தெரிந்தவர் வெளியே போக வேண்டும்

இன்று காலை ஒரு மாதிரிக் கேடயத்தை என் வீட்டில் வைத்துவிட்டுப் போனார்கள். அட்டைப் பெட்டியைத் திறந்ததும் வார்னிஷ் நெடி மூக்கில் ஏறியது. கேடயத்தின் நடுவில் உன் முகம். கழுத்தை லேசாகச் சாய்த்துச் சிரிக்கிறாய். கும்மிடிப்பூண்டிப் பக்கத்து ஆம்புலன்ஸ், தீயணைப்பு ஊழியர்களுக்கு நம் சின்னச் சங்கம் வருடாவருடம் தரும் சேவை விருதுக்கு இனி உன் பெயராம்.

"நீங்க சரின்னு ஒரு வார்த்த சொன்னா ஆர்டர் குடுத்துடுவோம் மேடம். அவங்களுக்கு உங்கள விட்டா யாரு நெருக்கம்?" என்றார் செயலாளர்.

யோசித்துச் சொல்வதாக அவரை அனுப்பிவிட்டேன். உனக்குச் சொல்ல வேண்டியது முதலில் இருக்கிறது.

திருவள்ளூரிலிருந்து மின்சார ரயிலில் நின்றபடியே போய்ப் படித்து இருவரும் எம்.ஏ. முடித்தோம். நான் யாரோடும் சட்டென்று ஒட்டாதவள். நீ ஏறிய பெட்டியில் எல்லோரும் உனக்கு உறவு. சங்கம் நம்மை இந்த விருதுக்கு நடுவர்களாக இருக்கச் சொல்லிக் கேட்டபோது, கூட ஒரு ஓய்வு பெற்ற தீயணைப்பு அலுவலரையும் சேர்த்து மூன்று பேரானோம். அப்போது நான் ஒரே ஒரு விதி கேட்டேன். போட்டியில் இருப்பவர் நமக்குத் தெரிந்தவர் என்றால், நமக்கு உதவியவர் என்றால், அந்த நடுவர் எழுந்து வெளியே போய்விட வேண்டும். முடிவு ஆன பிறகுதான் உள்ளே வரலாம்.

நீ சிரித்தாய். "உன்ன பெரியபாளையத்துக்கு இட்டுக்கினு போனா அம்மனுக்கே மார்க் போடுவடி" என்றாய். ஆனால் ஒப்புக்கொண்டாய். உன் சித்தி மகன் பெயர் வந்த வருடம் நீயே எழுந்து எதிரே இருந்த டீக்கடைக்குப் போனாய். அவனுக்கு விருது கிடைக்கவில்லை. "ஊட்ல எனக்கு சோறு கெடையாது இன்னிக்கு" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தாய். அன்று உன்னை நினைத்துப் பெருமைப்பட்டேன். அதை உன்னிடம் சொன்னதில்லை.

பிறகு ஸ்டெல்லாவின் வருடம். ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளர், ஒப்பந்த வேலை. ஓர் ஆலையில் தீப்பிடித்தபோது வெந்த உடல்களோடு தவித்தவர்களை ஏற்றி வந்தவள். ஆலைக்காரர்கள் பின்கேட்டின் சாவியைத் தேடிக்கொண்டிருந்ததால் வண்டி வாசலிலேயே நின்றதென்று விசாரணையில் சொன்னவளும் அவள்தான். நாம் இருவரும் கவரைப்பேட்டையில் அவளைப் பார்க்கப் போனோம். வண்டியின் பின்படியில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்துவைத்திருந்தாள்.

"ஆலக்காரங்க என்ன மாத்திட சொல்லி எழுதிக்கினே இருக்காங்க மேடம். விருதுன்னு ஒண்ணு வந்துச்சுன்னா கொஞ்சம் யோசிப்பாங்க. பையன் ஸ்கூலு இங்க. நான் எங்க போவேன்?" என்றாள். கெஞ்சவில்லை. வெயிலைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள்.

திரும்பும்போது பஸ்ஸில் உன்னிடம் என் மனதைச் சொன்னேன். இந்த வருடம் என் ஓட்டு ஸ்டெல்லாவுக்கு என்று. நீ ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாய். பெரியபாளையத்தில் வேப்பிலையும் கையுமாக ஒரு கூட்டம் ஏறியது. பேச்சு அதோடு நின்றது.

முடிவு செய்யும் நாளில், உட்கார்ந்ததுமே என் கையைத் தொட்டாய். "உனக்கு நெனப்பில்லையா? கொரோனா டைம்ல உங்கப்பாவ ஏத்திக்கினு போனது இந்தப் பொண்ணுதான். நான்தான பேரு கேட்டேன்."

அன்று வந்தவர்கள் தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பில் இருந்தார்கள். முகம் எதுவும் எனக்குத் தெரியாது. அப்பாவின் கையைப் பிடித்திருந்தது மட்டும் தெரியும். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தது நீ, அவர்களோடு பேசியது நீ. அப்பா பிழைத்து வந்தார். நான் மறு பேச்சில்லாமல் எழுந்தேன்.

டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே நீங்கள் இரண்டு பேர். அந்தத் தீயணைப்பு அலுவலர் உன் பேச்சைத் தட்டியதே இல்லை. விருது அதே ஆலையின் தீயணைப்புக் குழுத் தலைவருக்குப் போனது. நல்ல மனிதர்தான். விழாவும் அந்த ஆலையின் அரங்கில்தான் நடந்தது. சில வாரங்களில் ஸ்டெல்லாவைப் பள்ளிப்பட்டுக்கு மாற்றினார்கள், மாவட்டத்தின் மறுகோடிக்கு. விதி என்றால் அப்படித்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

உன் பதினாறாம் நாளுக்கு அவள் வந்திருந்தாள். உன் படத்துக்கு முன்னால் சிறிது நேரம் நின்றாள். அந்த வருடத்து விருது முடிந்துவிட்டது, இனி தயங்க வேண்டியதில்லை என்று பக்கத்தில் போய், கொரோனா சமயத்தில் அப்பாவைக் காப்பாற்றியதற்கு நன்றி சொன்னேன்.

அவள் விழித்தாள். "நான் இல்லீங்க மேடம். அந்த வருசம் நான் வேலைக்கே சேரல. மாமியார் ஊட்ல கைக்கொழந்தையோட இருந்தேன்."

பந்தியில் போய் உட்கார்ந்தேன். யாரோ என் இலையில் வடை வைத்தார்கள்.

ஏன் செய்தாய் என்று எனக்குத் தெரியாது. உன் தம்பிக்கு அந்த ஆலையில் வேலை கிடைத்தது பிறகு காதில் விழுந்தது. அதுவாக இருக்கலாம். அரங்கு கிடைக்காமல் போகுமோ என்ற பயமாகவும் இருக்கலாம். நீ நேராக என்னோடு சண்டை போட்டு, அந்த அலுவலரின் ஓட்டையும் வாங்கி என்னைத் தோற்கடித்திருக்கலாம். அது நியாயமான தோல்வியாக இருந்திருக்கும். நீ அதைச் செய்யவில்லை. நான் எதைக் கேட்டால் எழுந்து போவேன் என்று உலகத்தில் உனக்கு மட்டும்தான் தெரியும். அதைச் சொன்னாய். என் அப்பாவின் உயிரை வைத்துச் சொன்னாய்.

மதியம் செயலாளருக்குப் போன் செய்தேன். பெயர் வேண்டாம் என்றேன்.

"இன்னா மேடம் இப்டி சொல்றீங்க? பொறாமைன்னு பேசுவாங்க."

"பேசட்டும்."

"காரணம்னு ஒண்ணு வேணுமே."

நான் சொல்லவில்லை. நீ இல்லாத இடத்தில் உன்னைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உனக்காக நான் செய்யக்கூடியது அவ்வளவுதான்.

இந்த வருடம் ஸ்டெல்லாவின் பெயர் மறுபடி வந்திருக்கிறது. உன் பதினாறாம் நாளுக்குப் பிறகு நான் பள்ளிப்பட்டுக்கு இரண்டு முறை போய்விட்டேன். அவள் மகன் என்னை ஆன்ட்டி என்கிறான். இப்போது அவள் உண்மையாகவே எனக்குத் தெரிந்தவள். அவளுக்காக உள்ளே பேச என்னை விட்டால் ஆள் இல்லை. ஆனாலும் நான் எழுந்து போயாக வேண்டும்.

விதியை நீ கெடுக்கவில்லை. அது எனக்கு இன்னும் சரியாகவே படுகிறது. ஆனால் எழுந்து போகிறவள் உள்ளே இருப்பவர்களை நம்பித்தான் போக முடியும். அந்த நம்பிக்கையைத்தான் நீ உன்னோடு எடுத்துப் போய்விட்டாய். அது இல்லாமலே போவேன். கதவை மட்டும் சாத்த மாட்டேன்.