பதினேழு பேரும் நலம் என்றார்கள்

லீவு முடிந்து கிளம்பினாலும் அடுத்த வருடம் வந்துவிடுவீர்கள் என்று எங்களைப் பழக்கிவிட்டுப் போன அன்பு அப்பாவுக்கு,

இதுதான் நான் உங்களுக்கு எழுதும் முதல் கடிதம். நீங்கள் பட்டாளத்தில் இருந்தபோது போனில்தான் பேசினோம். அதற்கே எனக்குக் கூச்சம். "நல்லா படிக்கிறியாம்மா?" என்பீர்கள். "ம்" என்பேன். அம்மா போனைப் பிடுங்கிக்கொள்வார். அந்த "ம்" பெண் ஒரு பெரிய டாக்டரை வேலைக்கு எடுக்கும் விஷயத்தில் வாய் திறந்தாள் என்றால் நம்புவீர்களா? நம்ப மாட்டீர்கள். எனக்கே இன்னும் சந்தேகமாகத்தான் இருக்கிறது.

நீங்கள் மருந்து வாங்கப் போவீர்களே, முன்னாள் ராணுவத்தினர் அறக்கட்டளை, அங்கேதான் இப்போது வேலை பார்க்கிறேன். விழுப்புரம் கிளினிக்கில் ஃபைல்கள் என் பொறுப்பு. செவ்வாயும் வெள்ளியும் பஸ் ஏறித் திண்டிவனம் கிளினிக்குக்குப் போய்விடுவேன். உங்கள் காரியத்துக்கு வந்த செயலாளர், சுபேதார் மாணிக்கம் ஐயா, "பி.காம். முடிச்சிட்டு வீட்ல என்னாம்மா பண்ணிக்கினு இருக்க, வந்து சேரு" என்றார். நன்றியோடு சேர்ந்தேன் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மை வேறு. உங்களைக் கடைசியாகப் பார்த்த மேஜர் டாக்டர் அன்று உங்கள் ஃபைலில் என்ன எழுதினார் என்று பார்க்கத்தான் போனேன்.

முதல் நாளே பார்த்தேன். "குறை எதுவும் இல்லை. அதே மாத்திரை தொடரவும்." அவ்வளவுதான்.

அந்த வெள்ளிக்கிழமை உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா அப்பா? கோலியனூரில் பஸ்ஸுக்கு நின்றபோதே நெஞ்சைத் தேய்த்துக்கொண்டீர்கள். "வாய்வும்மா" என்றீர்கள். டாக்டர் அறை வாசலில் செருப்பைக் கழற்றினீர்கள். சட்டையை உள்ளே விட்டுக்கொண்டீர்கள். உள்ளே போய்க் கையைத் தொடையோடு ஒட்டி விறைப்பாக நின்றீர்கள். "கைசே ஹோ, ஏழுமலை?" என்று மேஜர் இந்தியில் நலம் கேட்டார். "டீக் ஹை சாப்!" என்றீர்கள். அப்படியொரு கணீர்க் குரல். நல்லா இருக்கிறேன் என்று சொல்ல அவ்வளவு சத்தம் எதற்கு?

நான் ஃபைலோடு வாசலில் நின்றேன். "சார், அப்பாவுக்கு நெஞ்சு வலிக்குது." சொல்ல வேண்டியது அவ்வளவுதான். நான் சொல்லவில்லை. பதினோராம் நாள் காலையில் நீங்கள் எழுந்திருக்கவில்லை. அன்று முதல் மேஜர் டாக்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன். என்னைத் திட்டிக்கொள்வதைவிட அது சுலபமாக இருந்தது.

அந்த மேஜர் மகனோடு இருக்க வெளிநாடு போய்விட்டார். எட்டு மாதமாகத் தலைமை டாக்டர் இல்லை. இரண்டு கிளினிக்குக்கும் அவர்தான் தலை. பாண்டிச்சேரிக்கோ சென்னைக்கோ பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒருவரை அனுப்ப வேண்டுமானால் அவர் கையெழுத்து வேண்டும். விளம்பரம் கொடுத்தோம். இளைஞர்கள் யாரும் திண்டிவனத்துக்கு வரத் தயாராக இல்லை. கடைசியில் ஒரே ஒரு ஆள். ஓய்வுபெற்ற கர்னல் டாக்டர்.

"கர்னல் ரேங்க் ஆளும்மா! நம்ம அதிர்ஷ்டம். ஃபைல ஜல்தியா ரெடி பண்ணு" என்றார் சுபேதார் ஐயா. அவர் நடையே மாறிவிட்டது.

எனக்கு அந்த ஃபைலைத் தொட்டதிலிருந்தே பிடிக்கவில்லை. பெரிய பெரிய அதிகாரிகளோடு நின்ற போட்டோக்கள் எதற்கு? கடைசியாக வேலை பார்த்த தனியார் ஆஸ்பத்திரியை ஒரே வருடத்தில் விட்டிருக்கிறார். அதன் பிறகு பதினான்கு மாதம் எந்த வேலையும் இல்லை. காரணம் என்ற இடத்தில் ஒரு கோடு. ஒருநாள் சுபேதார் ஐயா இல்லாத நேரமாகப் பார்த்து அந்தக் கர்னல் ஆபீசுக்குப் போன் செய்தார். "மாசத்துக்கு எத்தனை பேரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பறீங்க?" என்று என்னிடம் கேட்டார். அதைக் குறைக்கத்தான் கேட்கிறார் என்று முடிவு கட்டினேன்.

நம் கமிட்டியில் ஒரு வழக்கம் உண்டு. டாக்டரை எடுக்கும் முன் ஒரு நாள் காலை நோயாளிகளைப் பார்க்கச் சொல்வார்கள். ஆபீசிலிருந்து ஒருவர் மூலையில் உட்கார்ந்து நடந்ததை எழுதித் தர வேண்டும். இந்த முறை அது நான். திண்டிவனத்தில் வைத்தோம். எட்டரை என்றால் எட்டரைக்கு வந்தார் கர்னல். பையிலிருந்து தன் பெயர்ப்பலகையை எடுத்து மேஜைமேல் வைத்தார். "கர்னல்" என்று தங்க எழுத்தில். இன்னும் வேலையே கொடுக்கவில்லை அப்பா!

"மொதல்ல நானே காட்டிக்கிறேன் சாப்" என்று சுபேதார் ஐயா போய் நின்றார். குதிகாலைச் சேர்த்து ஒரு சல்யூட். "டீக் ஹை சாப்!" அடுத்தவரும் டீக் ஹை. அதற்கடுத்தவரும். வெளியே பெஞ்சில் முட்டியைப் பிடித்துக்கொண்டு முனகியவர்கள் எல்லாம் அந்த வாசலைத் தாண்டியதும் இருபது வயதுப் பையன்கள் ஆகிவிட்டார்கள். பதினேழு பேர். பதினேழு பேரும் நலம். கர்னல் எல்லோருக்கும் அதே மாத்திரை எழுதினார்.

"பாத்தியாம்மா, என்னா டிசிப்ளினு" என்று ஐயா என் காதருகில் சொன்னார்.

பதினெட்டாவதாக ஹவில்தார் கன்னியப்பன் வந்தார். மயிலம் பக்கத்து ஆள். அவரும் விறைப்பாக நின்றார், அவரும் டீக் ஹை. கர்னல் பேனாவை எடுத்துவிட்டார். அப்போதுதான் வாசலைப் பார்த்தேன். அவர் மனைவி ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தார். வாய் திறந்தது. மூடிக்கொண்டது. மறுபடி திறந்தது.

அப்பா, அந்த இடத்தில் நான் நின்றிருக்கிறேன்.

"சார், அந்த அம்மாவக் கேளுங்க."

என் குரல்தான். எங்கிருந்து வந்தது என்று தெரியாது. கர்னல் தலையைத் தூக்கினார். சுபேதார் ஐயா கண்ணாலேயே என்னை எரித்தார். ஆனால் அந்த அம்மா பிடித்துக்கொண்டார். "படுத்தா மூச்சு வாங்குது சார். ஒரு வாரமா செவுத்துல சாஞ்சிக்கினுதான் தூங்கறாரு. காலப் பாருங்க, செருப்பு நுழைய மாட்டேங்குது."

"ஏய், சும்மா இருடி. ஒண்ணும் இல்ல சாப், அவ எப்பவுமே அப்படித்தான்."

கர்னல் எழுந்து வந்தார். தரையில் முட்டி போட்டு அவர் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தினார். எடுத்த பிறகும் அந்தக் குழி அப்படியே இருந்தது. நெஞ்சில் குழாயை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். பிறகு நம் வண்டியிலேயே அவரைப் பாண்டிச்சேரிக்கு அனுப்பினார். இதயம் பாதிதான் வேலை செய்கிறது என்று அங்கே சொன்னார்களாம்.

மதியம் நோயாளிகள் எல்லோரும் போன பிறகு கர்னல் என்னிடம் வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"நீங்க சொல்லலைன்னா நான் அவரை வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். அதை ரிப்போர்ட்ல எழுதிட்டீங்களா?"

"இல்ல சார்."

"எழுதுங்க."

அதையெல்லாம் எழுத வேண்டாம் என்று சுபேதார் ஐயா குறுக்கே வந்தார். அப்படி அவர் தடுப்பார் என்று தெரிந்துதான் கர்னல் சொன்னாரா? நல்ல பெயர் வாங்க இதுவும் ஒரு வழியா? அந்தச் சந்தேகத்தில் எனக்குத் தைரியம் வந்தது. "அந்தப் பதினாலு மாசம் ஏன் சார் வேலை பார்க்கல?" என்று கேட்டேன்.

"அங்கயும் ஒரு பழைய பட்டாளத்துக்காரர் டீக் ஹைன்னுட்டுப் போனாரு. மூணாம் நாள் அவர் பையன் வந்து, அப்பா போயிட்டாருன்னு என் முன்னாடி நின்னான். அன்னைக்கே ரிசைன் பண்ணேன்" என்றார். "சர்வீஸ்ல உடம்பு சரியில்லன்னு சொன்னா மெடிக்கல் கேட்டகரி எறங்கும், ப்ரமோஷன் போயிடும். அந்தப் பயம் பென்ஷன் வந்தாலும் போகாதும்மா. போன்ல உங்ககிட்ட கேட்டேனே, எத்தனை பேரை அனுப்பறீங்கன்னு? ரொம்பக் கம்மியா இருந்துச்சு."

"இவ்ளோ தெரிஞ்சும் இன்னைக்கு அதே மாதிரிதானே சார் எழுதினீங்க?"

"ஆமா" என்றார். "தெரிஞ்சும்."

கேட்பவர்கள் உருகிவிடுவார்கள். நான் உருகவில்லை. நன்றாகத் தயார் செய்த கதையாகவும் இருக்கலாம் அல்லவா? ஆனால் ஒன்று மட்டும் உறைத்தது. அந்த மேஜரை இத்தனை நாள் கெட்டவர் என்று நினைத்திருந்தேன். அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும், எதிரே நிற்பவர் அதையேதான் சொல்லப்போகிறார்.

அடுத்த இரண்டு நாள் அந்தப் பதினேழு பேர் வீட்டுக்கும் போன் செய்தேன். அவர்களோடு பேசவில்லை. மனைவியிடம், மருமகளிடம், மகளிடம் பேசினேன். போன் பேசவே கூச்சப்படுபவள் நான். ஒவ்வொரு தடவையும் மணி அடிக்கும்போது யாரும் எடுக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். எல்லோரும் எடுத்தார்கள். எட்டுப் பேருக்கு உடம்பு சரியில்லை. ஒருவர் சிறுநீரில் ரத்தம் போவதை ஒரு மாதமாக மறைத்திருக்கிறார்.

பட்டியலில் முதல் ஆள் யார்? சுபேதார் ஐயா. அவர் மனைவி காஞ்சனாம்மாவுக்கும் போன் செய்தேன்.

"யாரு, அவரா? டீக் ஹையா?" காஞ்சனாம்மா சிரித்த சிரிப்பில் காதிலிருந்து போனை எடுத்துவிட்டேன். "கால்ல ஆணி குத்தி ரெண்டு நாளு அதோடவே நடந்துக்கினு இருந்தாரும்மா. சக்கரைல காலு மரத்துப்போச்சு. சாக்ஸுல ரத்தம் இருந்ததப் பாத்து நான்தான் கண்டுபுடிச்சேன். நீ எழுது. நான் சொன்னேன்னே எழுது."

கமிட்டி கூடியது. மூன்று பேர். சுபேதார் ஐயா, ஒரு கேப்டன், கணவரைப் பட்டாளத்தில் இழந்த சகுந்தலா டீச்சர். கர்னல் வெளியே உட்கார்ந்திருந்தார். நான் நின்றுகொண்டே படித்தேன். "சத்தமா படிம்மா" என்றார் கேப்டன். கன்னியப்பன் விஷயத்தைப் படித்தேன். கர்னல் தவறவிட்டதையும், அதை எழுதச் சொன்னதும் அவரே என்பதையும் படித்தேன். பிறகு போன் பட்டியலைக் கடைசியிலிருந்து ஆரம்பித்தேன். முதல் பெயருக்கு முன் நின்றுவிட்டேன்.

"ஏன் நிறுத்திட்ட? படி" என்றார் சுபேதார் ஐயா.

"சார்... அது நீங்க சார்."

படித்தேன். டீச்சர்தான் முதலில் பேசினார். "சுபேதார் சார், அந்த ஷூவக் கழட்டுங்க. நான் பாக்கணும்."

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல டீச்சர், டீக்..."

பாதியில் நிறுத்திக்கொண்டார். அவர் முகம் எப்படியோ ஆகிவிட்டது. குனிந்து தன் ஷூவையே பார்த்தார். வேலை போயிற்று என்று நினைத்தேன் அப்பா. அம்மாவிடம் என்ன சொல்வது என்றுகூட யோசித்துவிட்டேன்.

"அந்தாளையே எடுங்க" என்றார் கடைசியில். "தன்னோட தப்ப எழுதுன்னு சொல்ற டாக்டர நான் பாத்தது இல்ல. ஆனா ஒண்ணு, இந்தப் பொண்ணு உள்ள உட்காரட்டும்."

ஆறு மாதத்துக்கு மட்டும் எடுத்திருக்கிறோம். அவர் பெயர்ப்பலகையில் இப்போது "டாக்டர்" மட்டும்தான். வருபவருக்கு ஒரு நாற்காலி, கூட வருபவருக்கு ஒன்று. கூட வந்தவரைத்தான் முதலில் கேட்க வேண்டும். சிலருக்குக் கோபம். கண்டமங்கலத்துக்காரர் ஒருவர் வேண்டுமென்றே தனியாக வருகிறார். "பொண்டாட்டியக் கூட்டியாந்தா போட்டுக் குடுத்துடறா" என்கிறார். அவர் உள்ளே இருக்கும்போதே நான் அவர் வீட்டுக்குப் போன் போடுகிறேன். கன்னியப்பன் திரும்பி வந்துவிட்டார். என்னோடு பேசுவதில்லை. அவர் மனைவி மட்டும் ஒரு பை வறுத்த மல்லாட்டை கொண்டுவந்து என் மடியில் வைத்துவிட்டுப் போனார்.

கர்னலை நம்புகிறேனா? இல்லை. யாரை அனுப்பினார், யாரை அனுப்பவில்லை என்று தனியாகக் குறித்து வைக்கிறேன். அது அவருக்கும் தெரியும். "இன்னைக்கு நான் பாஸா, ஃபெயிலா?" என்று கேட்கிறார். "தெரியல சார்" என்கிறேன். ஆறு மாதம் முடியட்டும்.

இன்று காலை அம்மா மாடிப்படியில் ஏறும்போது நடுவில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். என்னம்மா என்றேன். "எனக்கென்னா, நல்லாத்தான் இருக்கேன். நீ பஸ்ஸுக்குக் கெளம்பு" என்றார். நான் கிளம்பவில்லை. உட்கார வைத்து, எத்தனை நாளாக என்று கேட்டேன். பேச்சை மாற்றினார். மறுபடி கேட்டேன். அழுதுவிட்டு, இருபது நாளாக என்றார்.

வெள்ளிக்கிழமை அவரைக் கூட்டிப்போகிறேன். கூட வருபவரின் நாற்காலியில் நான் உட்காருவேன். டாக்டர் கேட்கும்வரை காத்திருக்க மாட்டேன் அப்பா. இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

நீங்கள் சொன்னதை அப்படியே நம்பிவிட்ட மகள்,
கோமதி