நாய்க்கு யார் சாப்பாடு வைத்தது

அன்புள்ள ஜோயெல்,

இங்கே நானும் உன் அப்பாவும் நாய் டஸ்டியும் நலம், அங்கே அலாஸ்காக் குளிரில் நீயும் காதை மூடிக்கொண்டு நலமாயிருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். எழுதும்போதே சிரிப்பு வருகிறது, எழுத்து கோணினால் கண்டுகொள்ளாதே. நூலகத்து நாவல் கூட்டத்தை நான் நடத்த வேண்டும் என்று கேட்டிருந்தார்கள் அல்லவா, வீடு, கார், சம்பளம் எல்லாவற்றையும் உதறிவிட்டு வாழ்க்கைக்கு அர்த்தம் தேடிக் கிளம்புகிறவர்களின் அமெரிக்க நாவல்கள்தான் பேச்சு. பிள்ளை வளர்ந்த பிறகு படித்து நம் குடும்பத்தின் முதல் பட்டதாரி என்று பெயர்தான், கல்லூரி முழுக்கக் கடைசி வரிசையில் வாய் திறக்காமல் இருந்தவள் நான். இங்கேயும் பேச்சு வராவிட்டால் இனி எங்கேயும் வராது என்று பயம். அதனால் சொல்ல நினைத்ததையெல்லாம் நான் வாங்கி வைத்திருந்த அந்த நாவல்களின் ஓரத்திலேயே பென்சிலால் எழுதி வைத்திருந்தேன்.

சனிக்கிழமை அப்பா புல்வெளியில் பழைய சாமான் விற்பனை போட்டார். வீட்டில் சாமானைக் குறைக்க வேண்டும் என்று புலம்பியது நான்தான். நான் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் அந்த நாவல்கள் இருந்த பெட்டியையே விற்றுவிட்டார். கேட்டால், நீதானே லோர்னா பொருள்மேல ஆசை கூடாதுன்னு சாப்பிடுறப்பகூட சொல்லிக்கிட்டிருந்தே, அந்தப் புத்தகத்துலயும் அதானே இருக்கு என்கிறார். எதிர்வீட்டு விற்பனையிலிருந்து உடற்பயிற்சி சைக்கிள் ஒன்றை வாங்கியும் வந்துவிட்டார்.

வியாழக்கிழமை கூட்டத்துக்கு வெறுங்கையோடு போனேன், தலைவலி என்று சொல்லித் திரும்பிவிடலாமா என்று வாசலிலேயே நின்றேன். உள்ளே வட்டமாக உட்கார்ந்திருந்தவர்கள் மடியிலெல்லாம் என் புத்தகங்கள். கூட்டத்துக்காகவே நம் புல்வெளியில் வாங்கியிருக்கிறார்கள். தபால்காரர் எல்வுட் ஒன்றும் தெரியாதவர்போல, இவன் காரை எடுத்துக்கிட்டு அர்த்தம் தேடப் போயிட்டானே, நாய்க்கு யாரு சாப்பாடு வச்சதுன்னு யாரோ எழுதியிருக்காங்கப்பா என்று வாசித்தார். பக்கத்து வீட்டு ஹாரியட், எங்க வீட்டுக்காரரும் மீன் பிடிக்கப் போறப்ப அர்த்தம் தேடத்தான் போறாராம், எனக்குக் கிடைக்கிறது கழுவுற பாத்திரம்தான் என்றாள். அந்தச் சிரிப்பில் என்னையறியாமல், அது நான் எழுதினது என்று சொல்லிவிட்டேன். பிறகு நிறுத்தவே முடியவில்லை. போனவனைப் பத்தி இத்தனை நாவல் இருக்கு, வீட்டுல இருந்தவளும் அதே அர்த்தத்தைத்தானே தேடினா, அவ தேடினது எந்தப் புத்தகத்துல இருக்கு என்று கேட்டேன். ஆளாளுக்கு ஒரு பதில் சொன்னார்கள். கடைசியில் நூலகத்தார் விளக்கை அணைத்துத்தான் எங்களை வெளியே அனுப்பினார்கள். புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்க வந்தவர்களிடம், நீங்களும் ஓரத்தில் எழுதுங்கள் என்று சொல்லிவிட்டேன். அடுத்த மாதமும் நானே நடத்துகிறேன்.

சைக்கிளில் இப்போது துணி காய்கிறது. பட்டத்துக்குப் பரிசு அனுப்புகிறேன் என்றாயே, சாமான் எதுவும் வேண்டாம், அப்பா விற்றுவிடுவார். நீ கம்பளிக் காலுறை போட மறக்காதே. கடவுள் உன்னை நன்றாக வைத்திருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை போன் செய், நீ அங்கே எந்தக் கதை படித்தாலும் அதில் நாய்க்கு யார் சாப்பாடு வைத்தார்கள் என்று மட்டும் சொல், அதுவே எனக்குப் பரிசு.

அன்பு முத்தங்களுடன்,
உன் அம்மா லோர்னா