சண்டைக் காட்சியில் தொப்பியில்லாத தலைகள்

அனுப்புநர்:
சிப்ரியானோ உபேதா, ஆடு வளர்ப்பவர்,
மேட்டுத் தெரு, பெனாஹல்,
அல்மேரியா மாவட்டம்.

பெறுநர்:
ஊராட்சித் தலைவர் அவர்கள்,
பெனாஹல்.

பொருள்: நம் ஊரில் எடுத்த கௌபாய் படத்தில் ஒரு பிழையைத் திருத்தாமல் விடக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். முழங்கால் வலி தேவலையா? மாடி ஏறக்கூடாது என்று வைத்தியர் சொன்னாராமே, இதைக் கீழேயே உட்கார்ந்து படியுங்கள்.

1. 1966-இல் வெளிநாட்டுக்காரர்கள் இங்கே அந்தப் படத்தை எடுத்தபோது நானும் அண்ணன் ப்ளாஸும் கொள்ளைக்காரர்களாக நடித்தோம். குதிரை என்னைக் கீழே தள்ளியது. குதிரை மேல் குற்றமில்லை, சேணம் சரியில்லை. அது கிடக்கட்டும்.

2. துப்பாக்கிச் சண்டையின் நடுவே, ரொட்டிக்கடை ஹசிந்தாவின் சவ ஊர்வலம் அந்த வழியே வந்தது. சுட்டவர்கள், சுடப்பட்டவர்கள், செத்துக் கிடந்தவர்கள் எல்லோரும் எழுந்து தொப்பியைக் கழற்றினோம். இயக்குநர் தொண்டை கிழியக் கத்தினார். அவர் பாஷை புரியவில்லை. புரிந்திருந்தாலும் தொப்பியைத் திரும்பப் போட்டிருக்க மாட்டோம். மறுபடி எடுக்க ஃபிலிம் இல்லாததால் அதையே படத்தில் சேர்த்துவிட்டார்கள்.

3. திருவிழாவில் திரையிட, படத்தைச் சுத்தம் செய்யத் தாங்கள் மத்ரித்திலிருந்து வரவழைத்த நூரியா, பிழைகளையெல்லாம் கம்ப்யூட்டரில் நீக்குவதாகச் சொன்னார். வானத்து விமானப் புகை, ஷெரீப்பின் கைக்கடிகாரம், இவற்றைத் தாராளமாக நீக்கட்டும். ஆனால், "பெரியவரே, சண்டைல எவனாச்சும் தொப்பியக் கழட்டுவானா? எல்லார் தலையிலயும் மாட்டிவிட்டுர்றேன்" என்றார். "பொணம் போறப்ப தொப்பியோட நின்னா எங்க ஊர்ல பொண்ணு குடுக்க மாட்டாங்கம்மா" என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

4. ப்ளாஸ் அந்தக் குளிர்காலமே காய்ச்சலில் இறந்துவிட்டான். அவனுக்குப் புகைப்படம் எதுவும் கிடையாது. படத்தின் மற்ற காட்சிகளில் தொப்பி நிழலில் அவன் தாடைதான் தெரியும். பிரான்சில் இருக்கும் அக்கா லெயோகாதியா போனில், "அவன் மொகமே மறந்துபோச்சுடா, பாவி நான்" என்று அழுகிறாள். அந்த முகத்தைப் பார்க்கத்தான் திருவிழாவுக்கு வருகிறாள்.

5. தொப்பி மாட்டியாகிவிட்டது என்று நினைத்து முந்தாநாளே கோபமாக இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் நேற்று ஒத்திகைத் திரையிடலில் பார்த்தேன். தலைகள் எல்லாம் வெறுமையாக, நடுவில் ப்ளாஸ், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, முழு முகத்தோடு! நூரியா பக்கத்தில் வந்து, "தலைவரம்மா வேணாம்னுட்டாங்க. நீங்களும் அம்புட்டு அழகா இருந்திருக்கீங்களே!" என்றார். அம்மா, பல நாளுக்குப் பிறகு நேற்றுதான் நன்றாகத் தூங்கினேன்.

6. எனினும் நாளை வேறு தலைவர் வரலாம், வேறு கம்ப்யூட்டர் வரலாம். ஆகவே அந்தக் காட்சியில் எக்காலத்திலும் எந்தத் தலையிலும் தொப்பி வைக்கக் கூடாதென்று எழுத்து மூலம் ஆணையிடுமாறும், அதன் நகல் ஒன்றை எனக்கும்

மன்னிக்கவும். மகள் தெருவிலிருந்து கத்துகிறாள்: "அப்பா, எழுதுனது போதும், அத்தை பஸ்ஸுலருந்து எறங்கியாச்சு!"

இடம்: பெனாஹல்
நாள்: 6 ஆகஸ்ட் 2019

தங்கள் பணிவுள்ள,
சிப்ரியானோ உபேதா