ஐப்பசி முகூர்த்தம்

யோங் பெங்
26-8-1930

அன்புள்ள மச்சான் சபாபதிக்கு,

அய்யாவு எழுதுவது. மாரியம்மன் காப்பாற்றியதில் நானும் கருப்பாயியும் மகன் அர்ச்சுனனும் இங்கே சுகம். ஜொகூர் பாருவில் நீங்களும் மகள் செல்வராணியும், கொட்டகையில் உள்ள மாடு கன்றுகளும் சுகமென்று உங்கள் கடிதம் வந்து சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்கு நிச்சயம் செய்து சம்பந்தியான பிறகும் உங்களை ‘நீ’ என்று எழுதக் கூடாதென்று கருப்பாயி கண்டித்துவிட்டாள். ஆகவே இன்றிலிருந்து ‘நீங்கள்’. சிரிக்காதீர்கள்.

இங்கே ரப்பர் விலை விழுந்தது விழுந்ததுதான். பக்கத்துத் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டில் பேர் கூப்பிடுவது பாதியாகிவிட்டது. பேர் இல்லாதவர்களை ஊருக்குக் கப்பலேற்றி அனுப்புகிறார்கள். எனக்கு அடுத்த வாசல் சீனர் துணிக்கடையைப் பலகை போட்டு மூடிவிட்டுப் போய்விட்டார். நம் மளிகைக் கடைக்குக் கடவுள் புண்ணியத்தில் ஒரு குறையும் இல்லை.

நிற்க. கல்யாணத்தை வைகாசியில் வைப்பதாகப் பேசினோம் அல்லவா? கோயில் பண்டாரத்திடம் ஜாதகங்களைக் காட்டினேன். வைகாசியில் பையனுக்குக் குரு பலம் குறைவாம். வருகிற ஐப்பசியே உத்தமம் என்கிறார். அப்படியே, கல்யாணத்தன்று பிள்ளைகள் பேரில் என் கடையில் முதல் போடுவதாகச் சொன்னீர்களே, அதையும் சற்று முன்னால் அனுப்பினால் தீபாவளிச் சரக்கு இறக்கிவிடலாம். லாபம் அவர்களுக்குத்தானே.

உங்களுக்குப் படிக்க வராது. வழக்கம்போலக் கோயில் கணக்கப்பிள்ளை மணியத்திடம் கொடுத்துத் தனியாகப் படிக்கச் சொல்லுங்கள். பணம் காசு சங்கதி, பெண்பிள்ளை காதில் விழ வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி,
அய்யாவு


ஜொகூர் பாரு
5-9-1930

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. எல்லாரும் சுகமென்று கேட்டு மனம் குளிர்ந்தது. என்னை ‘நீங்கள்’ என்று கூப்பிட்டதும் யாரோ வேறு ஆளுக்கு வந்த கடிதமோ என்று நினைத்தேன்.

இங்கும் நிலைமை அப்படித்தான். சிங்கப்பூரில் வேலை போனவர்கள் பாலம் தாண்டி நடந்தே வந்து, கோயில் வாசலில் படுத்திருக்கிறார்கள். காலையில் மிஞ்சுகிற பாலைக் காய்ச்சி அவர்களுக்கு ஊற்றுகிறோம். மிஞ்சுவதும் அதிகமாகிவிட்டது. துரைமார் வீடுகளில் பாலைக் குறைத்துவிட்டார்கள். இந்த வருஷம் திருவிழாவுக்கு மேளம் மட்டும், ரதம் இல்லை.

ஐப்பசி என்று எழுதியது எனக்குத் திகைப்பாக இருக்கிறது. தாயில்லாத பிள்ளை. ஒரு சேலை எடுக்கவும் நான்தான் போக வேண்டும். நீங்கள்தானே அன்றைக்கு, “ஆற அமரச் செய்யலாம், என்ன அவசரம்?” என்றீர்கள்? என் காசெல்லாம் மாடாக நிற்கிறது என்பதும் உங்களுக்குத் தெரியும்.

கடையில் ஏதாவது சிக்கலா மச்சான்? சிக்கலென்றால் சிக்கலென்று எழுதுங்கள். ரோடு போடுகிற வேலைக்கு ஒன்றாக மண் சுமந்தவர்கள் நாம். என்னிடம் என்ன கூச்சம்?

தங்கச்சி கருப்பாயிக்கு என் அன்பு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

சபாபதி


யோங் பெங்
14-9-1930

மச்சான் சபாபதிக்கு,

கடிதம் கண்டேன். படித்ததும் மனசு கொஞ்சம் வருத்தப்பட்டது. கடையில் சிக்கலா என்று கேட்டிருக்கிறீர்கள். யார் என்ன சொன்னார்களோ தெரியவில்லை. பத்து பகாட் டவுன் வட்டிக்கடையில் கொஞ்சம் வாங்கியிருப்பது உண்மை. கைமாற்று இல்லாமல் வியாபாரம் செய்கிறவன் இந்த நாட்டில் எவன் இருக்கிறான்?

என் கை நிலைமை தெரிய ஒன்று சொல்கிறேன். தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டும் வெள்ளையம்மா, புருஷனோடு ஊருக்குப் புறப்படுகிறவள், பாக்கிக்காகத் தன் வெண்கலப் பானையைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தாள். “இதை வச்சுக்கங்க முதலாளி, கடனோட கப்பல் ஏற மாட்டேன்” என்று அழுதாள். “வேண்டாம் தாயி, கொண்டு போ, ஊரில் உனக்குச் சோறாக்க வேண்டும்” என்று திருப்பி அனுப்பினேன். சிக்கலில் இருப்பவன் இப்படிச் செய்வானா?

இன்னொன்றும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. குளுவாங்கில் வசதியான இடத்திலிருந்து அர்ச்சுனனைக் கேட்டு ஆள் வந்தார்கள். பேச்சு கொடுத்த இடம் இருக்கிறதென்று அனுப்பிவிட்டேன். ஆனால் நாளைத் தள்ளிக்கொண்டே போனால் ஊர் என்ன சொல்லும்? ஐப்பசிக்குச் சம்மதமென்று எழுதுங்கள். தொகையை இந்த மாதமே அனுப்புவது நல்லது.

அய்யாவு


ஜொகூர் பாரு
2-10-1930

மச்சானுக்கு,

போன வியாழக்கிழமை நான் யோங் பெங் வந்தேன். நேரில் பேசினால் மனத்தாங்கல் தீரும் என்று சொல்லாமல் புறப்பட்டு வந்தேன்.

கடை வாசலில் உங்கள் நாற்காலியில் வட்டிக்கடை ஏஜெண்டு உட்கார்ந்திருந்தார். அவரோடு வந்த ஆள் அரிசி மூட்டைகளுக்குச் சுண்ணாம்பால் குறி போட்டுக்கொண்டிருந்தான். தங்கச்சி கருப்பாயி என்னைப் பார்த்ததும் ஓடி வந்து, “வாங்கண்ணே, அவுக பத்து பகாட்டுக்குப் போயிருக்காக” என்று செம்பில் தண்ணீர் கொடுத்தாள். நான் தண்ணீரை வாய்க்குக் கொண்டுபோகும்போது, மூட்டைகளுக்குப் பின்னால் இருமல் கேட்டது. ஒரே கூரையின் கீழ் எத்தனை வருஷம் படுத்திருக்கிறோம். உங்கள் இருமல் எனக்குத் தெரியாதா?

தங்கச்சி தரையைப் பார்த்தாள். நானும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “வந்தா நான் வந்துட்டுப் போனேன்னு சொல்லும்மா” என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். பஸ்ஸில் எனக்குக் கோபமே வரவில்லை. வெட்கமாக இருந்தது. என்னைக் கண்டு நீங்கள் ஒளிகிற மாதிரி நான் எப்போது ஆனேன்?

இன்னொன்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கணக்கப்பிள்ளை மணியத்துக்குச் சித்திரையிலேயே வேலை போய், ஊருக்குப் போய்விட்டார். அதிலிருந்து உங்கள் கடிதத்தைப் படிப்பதும், நான் சொல்லச் சொல்ல எழுதுவதும் செல்வராணிதான். நான்காவது வரை தமிழ்ப் பள்ளிக்கூடம் போனவள். கையெழுத்து மாறியதை நீங்கள் கவனிக்கவில்லை போலிருக்கிறது. குளுவாங் வரன் சங்கதியையும் அவள்தான் வாசித்தாள். வாசித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனாள். இதையும் அவள்தான் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

என்ன செய்யலாமென்று அவளையே கேட்டேன். “மாமாவுக்குப் பணந்தான் வேணும்னா பணத்தைக் கொடுங்கப்பா. கல்யாண நாளை விட்டுக்கொடுக்காதீங்க. வைகாசின்னு பேசினது வைகாசியிலேயே இருக்கட்டும்” என்றாள்.

இரண்டு கறவை மாடுகளை விற்று மணியார்டர் அனுப்பியிருக்கிறேன். கடன் நோட்டு எழுத வேண்டாம். இதற்கும் கல்யாணத்துக்கும் சம்பந்தமில்லை. முடிந்தபோது கொடுங்கள். 

சபாபதி


யோங் பெங்
9-12-1930

மச்சான் சபாபதிக்கு,

இதை யார் வாசிக்கப்போகிறார்கள் என்று தெரிந்த பிறகு பேனா எடுக்க எனக்கு இத்தனை நாளாயிற்று. பல தடவை எழுதி அடுப்பில் போட்டேன்.

உங்கள் மணியார்டரை வாங்கி ஒரு வாரம் மடியில் கட்டிக்கொண்டு திரிந்தேன். அதைக் கொடுத்திருந்தால் வட்டிக்கடைக்காரர் இன்னும் ஒரு தவணை பொறுத்திருப்பார். அதற்கப்புறம்? பாக்கி வைத்த தோட்டத்து ஜனங்கள் பாதிப்பேர் கப்பலில் இருக்கிறார்கள். உங்கள் மாடும் போய் என் கடையும் போயிருக்கும். அதனால் பணத்தைத் தொடாமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மாடுகளை வாங்கியவர் கொடுப்பாரென்றால் மீட்டுக்கொள்ளுங்கள்.

கடையை எழுதிக் கொடுத்துவிட்டேன். ஏஜெண்டு கெட்ட மனுஷர் இல்லை. அவரும் தன் முதலாளிக்குப் பதில் சொல்ல வேண்டியவர். புதிதாகக் கடையை எடுத்தவர் என்னையே சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார். அதே தராசில் நிறுத்து, அதே படியில் அளந்து கொடுக்கிறேன். கிராமத்து மலாய்க்காரர்களும் தோட்டத்து ஜனங்களும் பழக்கத்தில் இன்னும் என்னை ‘முதலாளி’ என்று கூப்பிடுகிறார்கள். கூப்பிடும்போது நிஜ முதலாளி திரும்பிப் பார்க்கிறார். அந்த நேரத்தில் நான் சாக்குக் கட்டுவதுபோலக் குனிந்துகொள்கிறேன்.

வெள்ளையம்மாவின் பானையை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. வாங்கி உள்ளே வைத்தேன். மறுவாரம் விற்றேன். குளுவாங் வரன் என்று ஒன்று வரவே இல்லை. உங்கள் கடிதத்தை அர்ச்சுனன் எடுத்துப் படித்துவிட்டான். “எனக்கு வரன் வந்துச்சா? எப்ப வந்துச்சு?” என்று கேட்டான். “அந்தப் பிள்ளை இதைச் சத்தம்போட்டுப் படிச்சிருக்குப்பா” என்றான். போன வாரம் துணிமணியோடு வீட்டை விட்டுப் போனான். கருப்பாயி சாப்பிடாமல் கிடக்கிறாள்.

இனி சம்பந்தம் பேச எனக்கு வாயில்லை. செல்வராணிக்கு வேறு நல்ல இடமாகப் பாருங்கள்.

அய்யாவு


ஜொகூர் பாரு
16-12-1930

மச்சானுக்கு,

தங்கச்சியை முதலில் சாப்பிடச் சொல்லுங்கள். மாப்பிள்ளை இங்கேதான் இருக்கிறார்.

ஒரு நாள் விடியற்காலையில் கொட்டகை வாசலில் வந்து நின்றார். “மாமா, வேலை இருந்தா கொடுங்க. பொண்ணு கேட்டு வரலை” என்றார். இப்போது சைக்கிளில் பால் கொண்டுபோகிறார். கல்யாணமாகாத பெண் இருக்கும் வீடென்பதால், படுக்கை பக்கத்துத் தெருவில் என் சிநேகிதர் தங்கராஜு வீட்டில். அவர் வந்த பிறகு விட்டுப்போன வாடிக்கை நாலைந்து வீடு திரும்பியிருக்கிறது. விற்ற மாட்டில் ஒன்று திரும்பி வந்துவிட்டது. மற்றது போனால் போகட்டும்.

வேறு இடம் பார்க்கச் சொன்ன வரியை வாசித்ததும் செல்வராணி, “இதுக்கு மட்டும் நானே பதில் எழுதட்டுமாப்பா?” என்றாள். என்ன எழுதுவாய் என்றேன். “கல்யாணத்துக்கு வாங்கன்னு எழுதுவேன்” என்றாள்.

ஆகவே வைகாசியில் இங்கே முருகன் கோயிலில் தாலி கட்டு. பந்தல், கச்சேரி ஒன்றும் கிடையாது. கோயில் மேளம் போதும். சோறும் பாயசமும் உண்டு. பையனைப் பெற்றவர் நீங்கள். முன்னால் நிற்க வேண்டியவர். வராமல் இருந்துவிடாதீர்கள்.

சபாபதி


யோங் பெங்
6-6-1931

மகள் செல்வராணிக்கு,

இதைப் படிப்பது நீதான் என்பதால் உன் பேருக்கே எழுதுகிறேன். மருமகள் என்று எழுத இன்னும் கை வரவில்லை.

கல்யாணத்துக்கு உன் அத்தை மட்டும் வந்து, எனக்குக் காய்ச்சல் என்று சொல்லியிருப்பாள். நான்தான் சொல்லச் சொன்னேன். காய்ச்சல் இல்லை அம்மா. அவளை முதல் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வீட்டில் உட்கார முடியவில்லை. அடுத்த பஸ்ஸில் ஏறி நானும் வந்தேன்.

கோயில் எதிரே மரத்தடியில் நின்றேன். மேளம் கேட்டது. உன் அப்பா வாசலுக்கு வந்து வந்து ரோட்டைப் பார்த்துவிட்டுப் போனார். அவர் வரும்போதெல்லாம் மரத்துக்கு அந்தப் பக்கம் போய்க்கொண்டேன். உள்ளே போய்விடலாம் என்று ஒரு தரம் காலையும் எடுத்து வைத்தேன். அப்போது எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் முன்பு இருந்த ஆள் ஒருவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, “யோங் பெங் முதலாளி இல்ல? நீங்கதானே மாப்பிள்ளையோட அப்பா? வெளியே நிக்கிறீங்களே, வாங்க உள்ளே” என்று கையைப் பிடித்தார்.

“நான் இல்லை. நீங்க வேற யாரையோ நினைச்சுப் பேசுறீங்க” என்று சொன்னேன்.

சொல்லிவிட்டு நடந்தேன். கெட்டிமேளம் முதுகுக்குப் பின்னால் கேட்டது. கடை போனது, பேர் போனது எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டேன். என் வாயால் என் மகனை இல்லையென்றேனே, அதுதான் தூங்கவிட மாட்டேனென்கிறது. உன் அத்தையிடம்கூடச் சொல்லவில்லை. அப்பாவுக்கு இதை வாசித்துக் காட்டு. அர்ச்சுனனுக்கும் தெரியட்டும். நான் எப்படிப்பட்டவன் என்று அவர்களுக்குத் தெரிந்திருப்பதே நியாயம்.

நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும்.

அய்யாவு


ஜொகூர் பாரு
11-6-1931

அன்புள்ள மாமாவுக்கு,

செல்வராணி வணக்கம். நாங்கள் சுகம். அத்தைக்கும் உங்களுக்கும் சுகம் வேண்டுகிறேன்.

கடிதம் வந்தபோது அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்கள். “மச்சான் என்ன எழுதியிருக்காரு?” என்று கேட்டார்கள். “காய்ச்சல் விட்டிருச்சாம், எல்லாரையும் சுகம் விசாரிச்சிருக்காங்க” என்று சொன்னேன். அப்பாவுக்கு அதைக் கேட்டு சந்தோஷம். உங்கள் மகனிடமும் அதையே சொன்னேன். கடிதத்தை யாருக்கும் வாசிக்கவில்லை. இனியும் வாசிக்க மாட்டேன். நீங்கள் முன்பு எழுதியதையெல்லாம் வரி விடாமல் வாசித்தவள் நான். இது ஒன்றை எனக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

உங்கள் மகன் தினமும் பால் ஊற்றிவிட்டு வந்ததும், யோங் பெங்கிலிருந்து கடிதம் உண்டா என்றுதான் முதலில் கேட்கிறார்.

அடுத்த வெள்ளிக்கிழமை உங்கள் கடை முதலாளியிடம் லீவு கேட்டு, அத்தையையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். எந்த பஸ் என்று மட்டும் ஒரு வரி போடுங்கள். அப்பா வந்து நிற்பார்கள். இங்கே வந்து எதையும் யாருக்கும் சொல்ல வேண்டாம் மாமா. சாப்பிட உட்காருங்கள், போதும்.

உங்கள் மருமகள்,
செல்வராணி